பன்னிரண்டாவது ஆணி

ஜூலை இருபத்துநான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு, தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் உள்ள பேனல் பட்டறையிலிருந்து ஆறு பெட்டிகள் லாரியில் ஏற்றப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு லிஃப்டின் அவசர பிரேக்கை நடத்தும் கன்ட்ரோல் பேனல். ஆறின் கதவிலும் 'சோதித்தாயிற்று' என்ற பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது. ஆறு சீட்டிலும் ஒரே கையெழுத்து.

கையெழுத்துப் போட்டவளைப் பட்டறையில் 'ரெண்டுதரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டாள். முறுக்கிய ஸ்க்ரூவையே இன்னொரு தரம் முறுக்குவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "கல்யாணத்தையும் ரெண்டு தரம் பண்ணிக்கிட்டியாடி?" என்று பக்கத்து மேஜைக்காரிகள் கேட்டால், "முதல் தரமே நல்லா முறுக்கிட்டேன், இன்னும் கழலலை" என்பாள். வீட்டில் அவள் அக்கா. கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுகிற தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அக்கா.

பதினாலு வருஷமாக இதே வேலை. இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாக ரிலேக்கள். அடியில் பல்வரிசை போல டெர்மினல்கள். லிஃப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் கேபினுக்கு அடியில் இருக்கும் இரண்டு தாடைகள் இருபுறத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிக்கும். அது இரும்பு செய்யும் வேலை. கவ்வும் அதே நேரத்தில் மோட்டாருக்குப் போகிற கரண்டும் அறுபட வேண்டும். அதைச் செய்வது அக்கா கட்டும் பேனல். வேகம் கூடினால் ஒரு சுவிட்ச், தாடை கவ்வினால் ஒரு சுவிட்ச், கேபின் கூரையில் நின்று வேலை செய்கிறவன் அமுக்குவதற்கு ஒரு ஸ்டாப், கீழே குழியில் ஒரு ஸ்டாப், இப்படி எட்டு. எட்டுப் பேர் கை கோத்து நிற்கிற மாதிரி ஒரே கம்பியில் வரும். ஒருவர் கையை விட்டாலும் கரண்ட் போகாது, பிரேக் விழுந்துவிடும்.

பட்டறை மேஜையில் பேனல் மட்டும்தான் இருக்கும். அந்த எட்டு சுவிட்சும் எங்கோ கட்டப்படுகிற கட்டடத்தில். அதனால் சோதிக்கும்போது முதல் டெர்மினலையும் எட்டாவதையும் ஒரு முழ வயரால் இணைத்து, எட்டுப் பேரும் கை கோத்துத்தான் நிற்கிறார்கள் என்று பேனலை நம்பவைப்பார்கள். அந்த வயருக்கு லூப் என்று பேர். பேனலுக்குள் மற்ற வயரெல்லாம் கறுப்பு; லூப் மட்டும் சிவப்பு, கண்ணை உறுத்த வேண்டும் என்பதற்காக. சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிச் சுவர்ப் பலகையில் மாட்டவேண்டும். பலகையில் பன்னிரண்டு ஆணி. சாயங்காலம் பன்னிரண்டு ஆணியிலும் லூப் தொங்கினால்தான் பெட்டிகளை மூடுவார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாலு நாளாக விட்டுவிட்டு மழை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் முந்தாநாள் துவைத்ததே காயாமல் ஈரவாடை அடித்தது. ஆனாலும் வேலைக் கோட்டைத் துவைக்காமல் திங்கட்கிழமை போகமுடியாது. அக்கா வாளிக்கு முன் குந்தி உட்கார்ந்து கோட்டின் பைகளை வெளியே இழுத்து உதறினாள். ஒரு ஸ்க்ரூ, உரித்த வயர்த் தோல், பாதி தின்ற மிட்டாய், அப்புறம் நுனி முறிந்த ஒரு சிவப்பு லூப்.

முதலில் கோபம்தான் வந்தது. பலகையில் இருக்கவேண்டியது பையில் எப்படி வந்தது? அப்புறம் ஞாபகம் வந்தது. லாரி வரவேண்டிய வியாழக்கிழமை, பதினொரு மணி வாக்கில், இந்த லூப்பின் நுனி முறிந்துபோனது. ஸ்டோரில் சிவப்பு வயர் தீர்ந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். ஆறு பேனல் காத்திருந்தன. கையெட்டும் தூரத்தில் கறுப்பு வயர்ச் சுருள். ஒரு முழம் வெட்டி இரண்டு முனையிலும் நுனி அழுத்தி லூப்பாக்கிக்கொண்டாள். முறிந்ததைப் பையில் போட்டாள். இரண்டு மணிக்குச் சிவப்பு வந்தது. காலியாக இருந்த பன்னிரண்டாவது ஆணி காலையிலிருந்தே அவளை உறுத்திக்கொண்டிருந்தது. உடனே புதிதாக ஒரு சிவப்பு லூப் செய்து அதில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் பலகையை எண்ணினாள். பன்னிரண்டு. இன்னொரு தரம் எண்ணினாள். பன்னிரண்டு.

அப்படியானால் கறுப்பை எந்த ஆணியில் மாட்டினாள்?

வாளித் தண்ணீருக்குள் கை அப்படியே நின்றது. கறுப்புக்கு ஆணியே இல்லை. கழற்றியதாக ஞாபகமும் இல்லை. கறுப்பு வயர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வயர். ஆறு பெட்டியில் ஒன்றுக்குள் அது இருக்கிறது.

கை துடைக்காமலே சமையலறைக்கு வந்தாள். தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. வாரம் முழுக்கத் துணிக்கடையில் நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உட்கார்ந்துதான் எதையும் செய்வாள்.

"தம்பி எத்தனை மணிக்குக் கிளம்பினான்?"

"ஏழுக்கே போயாச்சு அண்ணி. ரொட்டியை வாயில கவ்விக்கிட்டே ஓடினாரு. செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்தைத் திறக்கிறாங்களாமே."

"எந்தக் கட்டடம்?"

"மேம்பாலத்தை ஒட்டி, ஒன்பது மாடி. அதான் நேத்து உங்க பேனல் வந்திருக்குன்னு குதிச்சாரே, நீங்க அப்பத் தூங்கிட்டீங்களோ? பெட்டியைத் திறந்ததும் கண்டுபிடிச்சிட்டாராம். எங்க அக்கா போடுற முடிச்சு எப்பவும் இடது பக்கம்தான் திரும்பியிருக்கும்னு ரேடியோ அண்ணன்கிட்ட ஒரு டீக்குப் பந்தயம் கட்டி ஜெயிச்சிருக்காரு."

"இன்னைக்கு என்ன வேலைன்னு சொன்னானா?"

"கூரை வேலையாம். கேபின் மேல நின்னுக்கிட்டே மேல போகணுமாம். கேட்டா ராத்திரி தூக்கம் வராது, நான் கேக்கிறதே இல்ல."

அக்கா போனை எடுத்துத் தம்பியின் எண்ணைப் போட்டாள். அடித்தது, அடித்தது, நின்றது. குழிக்குள் விழுந்துவிடும் என்று போனைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். ரேடியோவின் எண்ணைப் போட்டாள். அந்த ஆளுக்கு அந்தப் பேர் வந்ததே வாய் ஓயாததால்தான். மோட்டார் அறையில் நின்று தம்பி சொல்கிறபடி லிஃப்டை ஓட்டுகிறவர். எண் பேச்சில் இருந்தது. மறுபடி போட்டாள். பேச்சில் இருந்தது.

"என்ன அண்ணி? முகமெல்லாம் வெளுத்திருக்கு."

"ஒரு வயரைக் கழட்டாம விட்டுட்டேன். அது உள்ள இருந்தா, அவன் ஸ்டாப்பை அமுக்கினாலும் லிஃப்ட் நிக்காது."

"நிக்காதுன்னா?"

"நிக்காதுன்னா நிக்காதும்மா."

கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது.

"அவரோட பெட்டியிலயா?"

"தெரியல. ஆறுல ஒண்ணு."

"அப்போ அவரோடதா இருக்கணும்னு இல்லையே."

"இல்ல."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு வீட்டுக்காரன் ஏறியிருக்கும் கூரையாக இருக்கட்டும் என்று இருவருமே நினைத்தது இருவருக்குமே தெரிந்தது. தம்பி பெண்டாட்டி எழுந்து அடுப்பை அணைத்தாள்.

அக்கா சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். எடுத்ததுமே பின்னால் டிவிச் சத்தம்.

"ஞாயித்துக்கிழமைம்மா இன்னைக்கு."

"சார், இருபத்துநாலாம் தேதி போன ஆறுல ஒரு லூப் உள்ளேயே போயிருச்சு."

"எப்படிப் போகும்? பலகை நிறைஞ்சிருந்துச்சு. நான்தானே பக்கத்துல நின்னேன். நீ ரெண்டு தரம் எண்ணினே, எனக்குக் கால் வலிச்சுது."

அவள் கறுப்பு வயரைப் பற்றிச் சொன்னாள். டிவிச் சத்தம் குறைந்தது.

"இதை ஏன்மா அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கழட்டியிருப்பேனே சார்! ஆறும் எங்கெங்க இருக்கு? அதைச் சொல்லுங்க."

"நாலு இன்னும் மூட்டையே பிரிக்கல, வெள்ளிக்கிழமைதான் விசாரிச்சேன். ஒண்ணு உன் தம்பி வேலை பார்க்கிற இடம். ஒண்ணு ஆஸ்பத்திரி. அது போன புதன்கிழமையே ஓட ஆரம்பிச்சிருச்சு. பழசை மாத்திட்டு இதை வச்சிருக்காங்க."

"ஆஸ்பத்திரியில ஜனங்க போய்வந்துக்கிட்டு இருக்காங்களா?"

"பின்ன, லிஃப்டைப் பார்த்துக்கிட்டா நிப்பாங்க? ஓட்டிப் பார்த்துட்டுத்தான் விட்டிருப்பாங்க. பதறாத. நாளைக்குக் காலையில முதல் வேலையா ஆள் அனுப்பறேன்."

"நானும் பார்த்துட்டுத்தான் சார் விட்டேன்" என்றாள் அக்கா. "முதல்ல தம்பியைப் பார்க்கிறேன். அதுல இல்லைன்னா ஆஸ்பத்திரி லிஃப்டை இன்னைக்கே நிறுத்தணும்."

"போய்ப் பார்த்துட்டுப் பேசு" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வேன் வாசலில்தான் நிற்கும். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சாவியை எடுத்தார். தம்பி பெண்டாட்டி வெங்காயக் கையோடு ஏறி உட்கார்ந்தாள். அக்கா கதவைப் பூட்டினாள். அன்றைக்குப் பூட்டை இழுத்துப் பார்க்க அவள் திரும்பவில்லை. அதை அவர் கண்ணாடியில் கவனித்தார். வண்டியை எடுத்தார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு சின்ன சீட்டுகள் காலியாக ஆடிக்கொண்டு வந்தன. ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் சீட்டுகளுக்கு அடியில் உருண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. துடைப்பான் கண்ணாடியின் பாதியைத்தான் துடைத்தது. அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து அந்தப் பாதி வழியாகவே ஓட்டினார்.

"ரெண்டு தரம் எண்ணினியா?"

"எண்ணினேன்."

"சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்ததுதாங்க தப்பாப் போச்சு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினார். "பயப்படாத. உன் தம்பி பூனை மாதிரி. எங்கேயிருந்து விழுந்தாலும் கால்லதான் நிப்பான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "விழமாட்டான்னு சொல்ல வந்தேன்."

"நீங்க ரோட்டைப் பாருங்க அண்ணே" என்றாள் பின்னாலிருந்து தம்பி பெண்டாட்டி. அவள் விடாமல் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். போனெல்லாம் வெங்காய வாடை.

மேம்பாலத்துக்கு முன் வண்டிகள் அசையாமல் நின்றன. எங்கோ தண்ணீர் தேங்கியிருந்தது. அக்கா மனசுக்குள் ஆறு பேனலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முதலாவதில் சிவப்புதான் மாட்டியது, நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டாவதைச் சோதிக்கும்போதுதான் நுனி முறிந்தது. மூன்றாவதில் கறுப்பைக் கழற்றிக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டது கூட நினைவு வந்தது, பக்கத்து மேஜைக்காரி, "யாரடி மாப்பிள்ளை?" என்று சிரித்தாள். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. நாலு, ஐந்து, ஆறு வெறும் கறுப்பாக இருந்தன. அவள் கைக்கு வேலை பழகிவிட்டிருந்தது. பழகிய கை செய்ததையெல்லாம் தலையிடம் சொல்வதில்லை.

"இறங்கி நடந்துடட்டுமா?" என்றாள்.

"நனைஞ்சு போய் என்ன பண்ணுவ? அஞ்சு நிமிஷம்."

இருபது நிமிஷம் ஆயிற்று.

கட்டடம் வெள்ளையடித்து முடிந்திருந்தது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, கண்ணாடிகளில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தார்கள். வாசலில் ரேடியோ கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"அண்ணே, தம்பி எங்க?"

"உள்ளதான்மா இருக்கான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். ரேடியோ ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்து அக்கா பார்த்ததில்லை. அவள் ஓடினாள்.

தம்பி கவிழ்த்த பெயின்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தான். இடது கால் ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தது. பக்கத்தில் கிடந்த ஷூவின் ஓரம் வாய் பிளந்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தான், கண் திறந்திருந்தது, இவர்களைப் பார்த்ததும் சிரித்தும்விட்டான்.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமை ஸ்கூலா? வேனோட கிளம்பி வந்துட்டீங்க?"

"காலுக்கு என்னடா?"

"வழுக்கிட்டேன். ஏணி ஈரமா இருந்துச்சு."

தம்பி பெண்டாட்டி வாளிக்கு முன் மண்டியிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் வீங்கி ஊதா நிறமாக இருந்தது. "இதுக்குப் பேரு வழுக்கினதா? டாக்டர்கிட்ட போகாம வாளியில ஊறப்போட்டு வச்சிருக்கீங்க, துணியா இது?"

"போகலாம்டி. கொஞ்சம் வலி குறையட்டும்னு பார்த்தேன்."

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கூரை மேல ஏறினியா?"

"ஏறினேன், இறங்கினேன்."

"ஸ்டாப் வேலை செஞ்சுதா?"

"செய்யாம?"

"சத்தியமா?"

"என்னக்கா நீ, போலீஸ் மாதிரி."

அவள் கறுப்பு லூப்பைப் பற்றிச் சொன்னாள். தம்பி வாளிக்குள் பார்த்தபடி கேட்டான். "என் பேனல்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நேத்தே முழுக்கப் பார்த்தாச்சு" என்றான்.

"நான் ஒரு தரம் பார்த்துட்டு வரேன்."

"ஒன்பது மாடிக்கா."

"இவ ஒரு தரம் பார்க்கிற ஆளா? பதினெட்டு மாடின்னு வச்சுக்கோ" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் வாசலை ஒட்டுப்பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஆறாவது மாடியில் மூச்சு வாங்கியது. சுவரில் கை வைத்தால் புது வெள்ளை கையோடு வந்தது. மோட்டார் அறை திறந்துதான் கிடந்தது. பேனலின் கதவைத் திறந்தாள். தன் கை வேலையை அதற்குரிய இடத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லா முடிச்சும் இடது பக்கம் திரும்பி, ஒழுங்காக, குடும்பப் போட்டோவில் நிற்கிற மாதிரி நின்றன. முதல் டெர்மினலிலிருந்து எட்டாவது வரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்றும் இல்லை. திரும்ப எட்டிலிருந்து ஒன்று வரை வந்தாள். ஒன்றும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தம்பி ஏணியில்தான் வழுக்கியிருக்கிறான். வெறும் ஏணி. அழுகை வந்தது, அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.

ஏழாவது மாடி வரை அந்த நிம்மதி இருந்தது. ஆறாவது மாடிப் படியில் கால் வைத்தபோதுதான், இங்கே இல்லையென்றால் அது வேறெங்கோ இருக்கிறது என்பது உறைத்தது. நாலு பெட்டி மூட்டைக்குள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதற்குள் நோயாளிகள் போய்வருகிறார்கள். மீதிப் படிகளை அவள் ஓடித்தான் இறங்கினாள். தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான் போனில் சிக்னல் வந்தது.

"சார், இங்க இல்ல. ஆஸ்பத்திரி லிஃப்டை நிறுத்துங்க. இப்பவே."

"நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தரம் பார்த்தேன்."

"அம்மா, நான் இதுக்குள்ள விசாரிச்சிட்டேன். அங்க ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட் அது ஒண்ணுதான். ஆபரேஷன் தியேட்டர் மூணாவது மாடி. நிறுத்தினா நோயாளியைப் படி வழியாத் தூக்கிட்டுத்தான் இறங்கணும். அவசர கேஸ் வந்தா என்ன பண்ணுவாங்க? நீ நிச்சயமாச் சொன்னாத்தான் நான் அவங்ககிட்ட சொல்ல முடியும்."

"நிச்சயம் சார். ஓடுறது ரெண்டுதான். இங்க இல்ல."

"சரி. இரு, இன்னொரு போன்ல அவங்களைக் கூப்பிடறேன். நீ வைக்காத."

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வாசல் பக்கமிருந்து ரேடியோ உள்ளே வந்து அவனைப் பார்த்தார். "சொல்லிடுடா" என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே."

"தூக்கிட்டு இறங்கணுமாம்டா. கேட்டுச்சில்ல? உனக்கு ஒரு கால். அங்க யாருக்கு என்னவோ."

தம்பி சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு முழம் கறுப்பு வயரை எடுத்து மடியில் போட்டான். "லிஃப்டை நிறுத்த வேணாம்னு சொல்லுக்கா. ஆஸ்பத்திரியில இல்ல."

அக்கா வயரைப் பார்த்தாள். போனில் சூப்பர்வைசர், இன்னொரு போனில் யாரிடமோ பெயர் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "சார், சார்!" என்று கத்தினாள். "விடுங்க சார். கிடைச்சிருச்சு. இங்கதான் இருந்திருக்கு. தம்பிக்குக் கால்ல அடி."

"கிடைச்சிருச்சுல்ல? அப்போ சரி. காலையில வா, பேசிக்கலாம். யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம்."

அவள் போனை வைத்தாள். தம்பி பெண்டாட்டி காலை மடியில் வைத்தபடியே கேட்டாள். "அப்போ ஏணி?"

"ஏணி இல்லடி."

பிறகு தானாகவே சொன்னான். ரேடியோ மேலே இருந்து கேபினை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார். இவன் கூரையில் குந்தி, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சுவர்க் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். ஐந்தாவது மாடிக் கொக்கி கோணலாக இருந்தது. ஸ்டாப்பை அமுக்கினான். கேபின் போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அமுக்கினான். போய்க்கொண்டே இருந்தது. கொக்கிக்கும் கேபின் விட்டத்துக்கும் நடுவே கால் மாட்டியது.

"வாக்கி டாக்கியில கத்தினான்" என்றார் ரேடியோ. "நான் பேசிக்கிட்டு இருந்தேன்மா. நான் பேசிக்கிட்டே இருந்தா அவன் சத்தம் எனக்கு வராதில்ல? ஒரு வார்த்தை பேசி முடிக்கிற நேரம். அதுக்குள்ள..." டீயைக் கீழே வைத்தார். "அப்புறம் நான்தான் பேனலைத் திறந்து பார்த்து அந்த வயரைக் கழட்டிட்டு வந்தேன்."

"ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டாப்பை அமுக்கிப் பார்க்கணும்டா" என்றாள் அக்கா. "அதுதானே முதல் வேலை? எனக்கே தெரியும். அமுக்கிட்டு ஓட்டிப் பார்க்கணும், ஓடாம இருந்தாத்தான் ஏறணும். பார்த்தியா இல்லையா?"

"பார்க்கல."

"ஏன்?"

"உன்னோடதுக்கு நான் எப்பவும் பார்க்கிறதில்லக்கா. மத்தவங்க கட்டினதுன்னா பார்ப்பேன். உன் முடிச்சைக் கண்டா நேரா ஏறிடுவேன்."

"எப்பவுமா?"

"நாலு வருஷமா."

"எத்தனை இருக்கும்?"

"முப்பது, முப்பத்தஞ்சு."

அக்காவின் கை ஓங்கிவிட்டது. அவன் விலகவில்லை. ஓங்கிய கை அவன் தலையில் இறங்கி, ஈரமான முடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டியது. "நான் ஸ்க்ரூவை ரெண்டு தரம் முறுக்குறது நீ ஒரு தரம் கூடப் பார்க்காம ஏறுறதுக்காடா? இனிமே என் முடிச்சைப் பார்த்தா மூணு தரம் அமுக்கிப் பாரு. எதிரி கட்டினதுன்னு நினைச்சுப் பாரு."

"சரிக்கா. முடியை விடு."

தம்பிதான் மறுபடி பேசினான். "ஏணின்னே இருக்கட்டும்க்கா. ரேடியோ அண்ணன் சொல்லமாட்டாரு. வயர் என்கிட்ட இருக்கு. பலகையில பன்னிரண்டும் தொங்குது. யாருக்கும் எதுவும் குறையல."

"அதனாலதான்டா எழுதிக் குடுக்கணும். பலகை நிறைஞ்சிருக்கு, பெட்டிக்குள்ள வயர் இருக்கு. அங்க எட்டு மேஜை. நான் மட்டும்தான் கறுப்புல வெட்டியிருப்பேனா?"

"எழுதினா என் பேரும் வரும். ஸ்டாப் பார்க்காம ஏறினான்னு வரும்."

"வரும்."

"என்னை மறுபடி குழிக்குள்ள விடமாட்டாங்க."

"கொஞ்ச நாளைக்கு விடாம இருந்தா நல்லதுதான்" என்றாள் அவன் பெண்டாட்டி, நிமிராமலே. "நானும் கடையில நிம்மதியாத் துணி மடிப்பேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு இந்தக் கரண்ட் சமாச்சாரம் புரியாது மாப்பிள்ளை. ஆனா வேன்ல பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டுக் கடைசி சீட் வரைக்கும் நடந்து பார்க்கணும்னு எங்களுக்கும் ஒரு விதி இருக்கு. ஒருநாள் பார்க்காம வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தப்புறம் பின்னால ஒரு பிள்ளை தும்முச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல." சட்டென்று நிறுத்தினார். "உன் அக்காகிட்டயே இப்பத்தான் சொல்றேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டும் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

தம்பியை ரேடியோவும் அவரும் ஆளுக்கொரு தோளாகத் தாங்கி வேனில் ஏற்றினார்கள். காலை நீட்ட இடமில்லாமல் சின்ன சீட்டுகளுக்கு நடுவே குறுக்காகப் படுக்கவைத்தார்கள். சீட்டுப் பையில் கிடந்த ஒரு நோட்டிலிருந்து நாலு கோடு போட்ட தாளொன்றைக் கிழித்து, வண்டி ஓடும்போதே அக்கா எழுதினாள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நுனி முறிந்தது, எந்த வயரை வெட்டினாள், எப்போது புது லூப்பை மாட்டினாள், எத்தனை தரம் எண்ணினாள். குழியில் நடந்ததைத் தம்பி படுத்தபடி சொன்னான். 'ஸ்டாப்பைச் சோதிக்காமல் ஏறினேன்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான். அவள் பேனாவும் நின்றது. "எழுதுக்கா" என்றான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதை முதலிலிருந்து ஒரு தரம் படித்துவிட்டு மடித்தாள். எலும்பு டாக்டர் வீட்டு வாசலில் வேன் நின்றது.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ஏழு வாரம் கட்டு.

திங்கட்கிழமை மற்ற ஐந்து பேனல்களும் திறந்து பார்க்கப்பட்டன. ஆஸ்பத்திரி லிஃப்ட் இருபது நிமிஷம் நிறுத்தப்பட்டது. ஐந்திலும் எதுவும் இல்லை. பட்டறையின் எட்டு மேஜைகளையும் சோதித்ததில், மூன்று மேஜை இழுப்பறைகளில் கறுப்பு வயரில் செய்த லூப்புகள் இருந்தன. பத்து நாள் கழித்து அக்கா சோதனை மேஜையிலிருந்து பேக்கிங் பகுதிக்கு மாற்றப்பட்டாள். தம்பி குழிக்குள் இறங்கி வேலை செய்வதற்கான அனுமதி ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

ஒன்பது மாடிக் கட்டடம் குறித்த செவ்வாய்க்கிழமை திறக்கப்படவில்லை. ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றரைக்கு, எட்டு ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி அதன் லிஃப்டைச் சோதித்தார்கள். தாடைகள் தண்டவாளத்தைக் கவ்வின. அதே நேரத்தில் மோட்டாருக்குப் போகும் கரண்ட் நின்றது. பரிசோதகர் இரண்டாவது தரமும் சோதித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.